உறைந்த மண்ணிலிருந்து கரியமில வாயு: வெயில் மட்டுமா காரணம்?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "துருவத்துத் தூந்திராவில் ஆலை கிடையாது, வண்டி கிடையாது, மரம்கூடக் கிடையாது. அங்கிருந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். சூடு ஏறினால் வாயு ஏறும், அவ்வளவுதானா? குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துவிடுமே, அப்போது நின்றுவிடுமா? சூடு கூடினால் செடியும் நன்றாக வளருமே, அது ஈடுகட்டாதா? வகுப்பில் செய்து காட்ட ஏதாவது வழி இருக்கிறதா?"

நாலு கேள்விகளில் குளிர்காலம் பற்றியது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆராய்ச்சியாளர்களே அதைப் பல வருஷம் சரியாகக் கேட்காமல் விட்டிருந்தார்கள். நான் இங்கே பெங்களூருவில் மண்ணிலிருந்து வெளிவரும் வாயுக்களை அளக்கும் வேலையில் இருப்பவன். என் வேலை செம்மண்ணோடும் ஏரிக்கரையோடும்தான் என்றாலும், இந்தத் துறையில் இருப்பவர்கள் தூந்திரா பற்றிய ஆய்வுகளைப் படிக்காமல் இருக்க முடியாது. அந்த அளவுக்கு அது பெரிய விஷயம்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் எத்தனை டிகிரி அடித்தது என்பதைவிட, மண் வருஷத்தில் எவ்வளவு காலம் உறையாமல் இருக்கிறது, அந்தக் காலத்தில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்ற இரண்டும் முக்கியம். பனி, புதர், தீ, மழை எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றித்தான் வாயுவின் அளவையும் மாற்றுகின்றன.

முதலில், கார்பன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? தூந்திராவில் மரம் இல்லையே தவிர, பாசி, கோரை, லைக்கன், முழங்கால் உயரப் புதர்கள் எல்லாம் உண்டு. கோடையில் இரவே இல்லாத வெளிச்சத்தில் இவை வளர்ந்து காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கின்றன. செத்த பிறகு மக்க வேண்டும். ஆனால் மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தக் குளிரில் வேலை ஓடாது. முழுசாக மக்காத இலையும் வேரும் ஆண்டுதோறும் மிச்சமாகி, ஆயிரக்கணக்கான வருஷங்களில் மீட்டர் கணக்கில் சேர்ந்துவிட்டன. கீழே இருப்பது நிரந்தர உறைநிலம்: குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்யம் டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் தரை. அதன் மேலே, கோடையில் மட்டும் இளகி மறுபடி உறையும் ஓர் அடுக்கு; இடத்தைப் பொறுத்து ஓர் அடியும் இருக்கும், மூன்று அடிக்கு மேலும் இருக்கும். வடதுருவத்தைச் சுற்றியுள்ள உறைநிலப் பகுதியின் மண்ணில் தங்கியிருக்கும் கார்பன் சுமார் 1.5 லட்சம் கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது காற்றுமண்டலம் முழுவதிலும் இருக்கும் கார்பனைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் ஆள் நடமாட்டம் குறைவான அந்த நிலத்தைப் பற்றி இவ்வளவு கவலை.

அடுத்து, சூடு. பெங்களூருவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இட்லி மாவு போதும். சென்னையிலிருந்து இங்கே குடிவந்த வீடுகளில் டிசம்பர் வந்தால் "மாவு பொங்கவே இல்லை" என்ற பேச்சு தவறாமல் கேட்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். மாறியது குளிர் மட்டும். மாவைப் பொங்க வைப்பதும் நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடுதான். சோதனைச்சாலையில் தூந்திரா மண்ணை டப்பாவில் வைத்துச் சூடேற்றினாலும் இதே கதை: 10 டிகிரி கூடினால் வெளிவரும் வாயு சுமார் இரண்டு மடங்கு ஆகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெருக்கம் இன்னும் கூடுதல்.

இதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தால், 2024இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதை அசைத்துவிட்டது. ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று, 28 தூந்திரா இடங்களில் நடந்த 56 சோதனைகளின் அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சோதனை மிக எளிமையானது. இடுப்பளவுகூட இல்லாத, மேலே திறந்த ஒரு பிளாஸ்டிக் கூண்டைத் தரையில் வைத்துவிடுவார்கள். காற்று அடிக்காது, வெயில் உள்ளே தங்கும், உள்ளே கொஞ்சம் சூடு கூடும். காற்றின் சூடு சராசரியாக 1.4 டிகிரி, மண்ணின் சூடு வெறும் 0.4 டிகிரி கூடியது. வளரும் பருவத்தில் செடியும் மண்ணும் சேர்ந்து விடும் கார்பன் டை ஆக்சைடோ 30 சதவீதம் கூடிவிட்டது.

இந்த எண்களைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்றால் 1.4 டிகிரிக்கு ஏறக்குறைய 10 சதவீதம்தான் வர வேண்டும். மண்ணின் 0.4 டிகிரியை எடுத்தால் 3 சதவீதத்தைக்கூடத் தொடாது. வந்ததோ 30. மிச்சம் எங்கிருந்து வந்தது? கூண்டுக்குள் செடிகள் கூடுதலாக வளர்கின்றன, அவையும் சுவாசிக்கின்றன. வேர்கள் பெருகி நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை ஊட்டுகின்றன. மண்ணின் ஈரம் மாறுகிறது. எல்லா இடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு உள்ள மண்ணில் இந்த ஏற்றம் கூடுதலாக இருந்தது. மண்ணின் அமிலத்தன்மையைப் பொறுத்தும் மாறியது. 25 வருஷம் ஓடிய கூண்டுகளிலும் இந்த ஏற்றம் அடங்கிவிடவில்லை. ஆகவே "சூடு ஏறினால் வாயு ஏறும், அவ்வளவுதானா?" என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: ஏறும், ஆனால் தெர்மாமீட்டரை மட்டும் வைத்து எவ்வளவு என்று சொல்ல முடியாது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும், அதனால் என் வேலையிலிருந்தே சொல்கிறேன். பிவிசி குழாயில் வெட்டிய ஒரு வளையத்தை மண்ணில் சில சென்டிமீட்டர் அழுத்தி வைப்போம். மேலே இறுக்கமான மூடி. மூடியிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஓர் அகச்சிவப்பு அளவிக்குப் போய்வரும். திரையில் முதலில் வெளிக்காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவு தெரியும்: பத்து லட்சத்தில் 420, 430 பங்கு. மூடியதும் அது ஏறத் தொடங்கும். எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அதுதான் மண்ணின் சுவாசம். ஏப்ரல் மாதம், நல்ல வெயில், காய்ந்த செம்மண் மேல் வைத்தால் எண் நகரவே மனசில்லாமல் நிற்கும். அன்று சாயங்காலம் மாங்காய் மழை ஒன்று கொட்டட்டும். அதே வளையத்தில் அரை மணி நேரத்துக்குள் எண் மளமளவென்று ஓடும். சூடு குறைந்திருக்கிறது, வாயு பல மடங்கு கூடியிருக்கிறது! கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை 1950களிலேயே பர்ச் என்ற மண்ணியலாளர் விவரமாக எழுதிவிட்டார். அவர் பெயரிலேயே பர்ச் விளைவு என்கிறோம். காய்ந்த நுண்ணுயிர்கள் செத்தும் வெடித்தும் விட்டுச்சென்றதை, ஈரம் கண்டு எழுந்தவை தின்னும்போது வரும் வாயு அது. தூந்திராவில் உறைந்து உறைந்து இளகும் மண்ணிலும் இப்படித்தான் திடீர் வெளியேற்றங்கள் வருகின்றன.

தூந்திராவில் ஆனால் பிரச்சினை பெரும்பாலும் தண்ணீர் குறைவது இல்லை, கூடுவது. கீழே உறைந்த தரை கண்ணாடிபோல் இறுகியிருப்பதால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை. மழை குறைவாகப் பெய்தாலும் நிலம் சொதசொதவென்று கிடக்கும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். தண்ணீரில் மூழ்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோய், மக்குதல் மந்தமாகி, மீத்தேன் உண்டாகத் தொடங்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் காற்று உள்ளே புகுந்து, கார்பன் டை ஆக்சைடு வேகமாக வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு குழு கணக்கிட்டது: காற்றோட்டமுள்ள உறைநில மண், மூழ்கிய மண்ணைவிட 3.4 மடங்கு கூடுதலாகக் கார்பனை வெளியே விடுகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் மீத்தேன் ஒரு டன்னுக்கு எவ்வளவோ வீரியமானது என்றாலும், மொத்தத்தில் காய்ந்த மண்ணே கூடுதல் கேடு செய்கிறது என்பது அவர்கள் முடிவு. அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ நம் ஏப்ரல் செம்மண் மாதிரி எல்லாம் நின்றுபோகும். கூடுதல் வாயு வருவது நடுத்தர ஈரத்தில்தான்.

அலாஸ்காவின் வடகோடியில் இதைச் சில அடிகளுக்குள்ளேயே பார்க்கலாம். தரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் பனிக்கட்டிகள் இறங்கி, நிலம் பலகோணப் பாத்திகளாகப் பிரிந்திருக்கும். பாத்தியின் வரப்பு மேடாக, காய்ந்து கிடக்கும். நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். வரப்பில் கருவியை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு, நடுவில் வைத்தால் மீத்தேன். ஒரே வெயில், ஒரே காற்று, பத்தடி தூரத்தில் வேறு கதை. அதே அலாஸ்காவில் வால்ட்டர் ஓஷெல் என்பவரின் குழு 1993இல், கார்பனைச் சேமித்துவந்த தூந்திரா அதை வெளியே விடத் தொடங்கிவிட்டது என்று எழுதி உலகத்தின் கவனத்தைத் திருப்பியது. அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானது, நிலம் காய்ந்து தண்ணீர் மட்டம் இறங்கியது.

சரி, குளிர்காலம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காற்று பூஜ்யத்துக்குக் கீழே போன உடனே மண் உறைந்துவிடாது. ஒரு கிராம் தண்ணீர் உறைய 80 கலோரி வெப்பத்தை வெளியே விட வேண்டும் என்று உங்கள் பாடத்திலேயே வரும். ஈரமான மண் முழுவதும் அந்த வெப்பத்தை விட்டுத் தீர்க்க நாளாகும். கோடையில் ஆழமாக இளகியிருந்தால் இன்னும் நாளாகும். மேலிருந்தும் கீழிருந்தும் உறைபனி நெருக்கிக்கொண்டு வர, நடுவில் இருக்கும் அடுக்கு வாரக்கணக்கில், சில இடங்களில் இரண்டு மூன்று மாதம்கூட, பூஜ்யத்திலேயே நிற்கும். இதைப் பூஜ்யத் திரை என்கிறார்கள். வெளியே −20 டிகிரி. உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு முழுக்க உறைந்துவிட்டாலும் மண்துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் மிஞ்சும். −10க்குக் கீழேயும் மண் கொஞ்சம் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு விடுவதை அளந்திருக்கிறார்கள்.

ஏன் இது அவ்வளவு முக்கியம் என்றால், வெளிச்சம். புவி சூடாவதால் வசந்தம் முந்தலாம், இலையுதிர்காலம் நீளலாம். ஆனால் சூரியன் எப்போது வரும், எப்போது போகும் என்பது பூமியின் சாய்வைப் பொறுத்தது, அது மாறாது. அக்டோபரில் மண் இன்னும் இளகியே இருந்தாலும், துருவத்தில் போதுமான வெயில் இல்லை, செடிகள் கார்பனைப் பெரிதாக எடுக்க முடியாது. நுண்ணுயிர்களுக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆக இலையுதிர்காலத்தில் கூடும் ஒவ்வொரு சூடான வாரமும் செலவுப் பக்கத்தில் மட்டும்தான் எழுதப்படுகிறது. ஜூனில் பனி முந்தி உருகினால் நிலைமை வேறு. அப்போது சூரியன் உச்சத்தில் இருப்பதால் செடிகளுக்கு லாபம். வசந்தத்தில் கூடும் சூடும் இலையுதிர்காலத்தில் கூடும் சூடும் ஒன்றில்லை என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அளவுகள் இதைத்தான் காட்டுகின்றன. அலாஸ்காவின் வடகோடியில், முன்பு பேரோ என்று அழைக்கப்பட்ட உட்கியாக்விக் ஊரில் பல பத்தாண்டுகளாகக் காற்றை அளந்துவருகிறார்கள். அந்த நீண்ட பதிவிலிருந்து 2017இல் ஒரு குழு கண்டுபிடித்தது: அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் அந்தப் பகுதியின் தூந்திரா விடும் கார்பன் டை ஆக்சைடு 1975க்குப் பிறகு 73 சதவீதம் கூடியிருக்கிறது. 2019இல் சூ நட்டாலி தலைமையில் வந்த ஆய்வு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களின் குளிர்கால அளவீடுகளைத் திரட்டியது. உறைநிலப் பகுதி முழுவதும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெளியேறும் கார்பன் ஆண்டுக்கு 166 கோடி டன். வளரும் பருவத்தில் செடிகள் உள்ளே இழுப்பதாகக் கணினி மாதிரிகள் சொல்வது 103 கோடி டன். இந்த இரண்டும் வெவ்வேறு வழியில் எடுத்த மதிப்பீடுகள் என்பதால் நேரடியாகக் கழித்து "இவ்வளவு நஷ்டம்" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் குளிர்காலத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு போட்ட பழைய கணக்குகள் எவ்வளவு தூரம் தவறியிருக்கும் என்று தெரிகிறது.

அந்தத் தவறுக்குக் காரணம் எளிது: விஞ்ஞானிகள் கோடையில் போனார்கள். குளிர்காலத்தில் இருட்டு, பனிப்புயல், கருவி மேல் பனி படிந்து அளவு கெட்டுப்போகும், மின்கலம் தீரும். இந்த விஷயத்தில் நம் நாடு எடுத்த ஒரு முடிவு எனக்குச் சந்தோஷம் தந்தது. நார்வேயின் ஸ்வால்பார்டில், நி-ஓலெசுண்ட் என்ற இடத்தில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. கோடையில் மட்டும் போய்க்கொண்டிருந்தவர்கள், 2023 டிசம்பரில் முதன்முறையாகக் குளிர்காலப் பயணத்தைத் தொடங்கினார்கள். அந்த முதல் குழுவில் நம் சதாசிவ நகர்ப் பக்கம் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இருந்தார்கள். அவர்கள் போனது வானொலி வானியலுக்காக, மண்ணுக்காக இல்லை. இருந்தாலும் அந்த நிலையத்தில் குளிர்காலத்திலும் ஆள் இருப்பது எல்லாத் துறைக்கும் நல்லது. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடு வரை அங்கே சூரியனே உதிக்காது. 2025 பிப்ரவரியில், சூரியன் தலைகாட்டத் தொடங்கும் அந்த மாதத்தில், அங்கே மழை பெய்து பனி உருகித் தண்ணீர் குளமாகத் தேங்கியது. அது கட்டாயம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய விஷயம்.

பனியைப் பற்றிச் சொல்லாமல் குளிர்காலத்தை முடிக்க முடியாது. பனி குளிர்ச்சியைக் கொடுக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் புதுப்பனிக்குள் பெரும்பகுதி காற்று, வெப்பத்தைக் கடத்தாது. இலையுதிர்காலத்திலேயே கனமான பனி விழுந்தால் மண்ணின் சூடு உள்ளேயே அடைபட்டு, வெளியே −30 இருக்கும்போது அடியில் −5 அளவிலேயே நிற்கலாம். பனி தாமதமானால் மண் வெறுமையாக நின்று சீக்கிரம் ஆழமாக உறையும். எவ்வளவு பனி என்பதோடு எப்போது விழுந்தது என்பதும் சேர்ந்தே கணக்கு. அலாஸ்காவில் ஹீலி என்ற ஊருக்குப் பக்கத்தில் டெட் ஷூர் குழுவினர் பனித்தடுப்பு வேலிகள் கட்டிச் சோதித்தார்கள். வேலிக்குப் பின்னால் பனி குவிந்து மண்ணைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்கும். வசந்தம் வந்ததும், உருகும் காலம் தள்ளிப்போகக் கூடாது, கூடுதல் நீர் சேரக் கூடாது என்பதற்காக, அந்தக் கூடுதல் பனியை ஆட்கள் மண்வெட்டியால் வாரி எடுத்துவிடுவார்கள். அவ்வளவு பாடுபட்டால்தான் பனியின் தாக்கத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். குளிர்கால வாயு கூடியது. சில ஆண்டுகளில் தரைக்குள் இருந்த பனிக்கட்டி உருகி நிலம் அமிழ்ந்து, அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. சூடு தண்ணீர் மட்டத்தை மாற்றிவிட்டது. அதன் பிறகு தண்ணீர் மட்டம் வாயுவைத் தீர்மானித்தது.

செடி ஈடுகட்டாதா என்ற கேள்வி. ஒரு பகுதி ஈடுகட்டுகிறது, அதை மறுக்கக் கூடாது. செயற்கைக்கோள் படங்களில் ஆர்க்டிக்கின் பல பகுதிகள் முன்பைவிடப் பச்சையாகியிருக்கின்றன. புதர்கள் வடக்கே பரவுகின்றன. ஆனால் புதர் குளிர்காலத்தில் பறக்கும் பனியைப் பிடித்து வைத்து மண்ணைச் சூடாக்கும். கோடையில் நிழல் தந்து மண்ணைக் குளிர்விக்கும். இரண்டும் எதிரெதிர் வேலை. இன்னும் ஒரு பழைய சோதனை என் மனசில் எப்போதும் இருக்கிறது. அலாஸ்காவின் டூலிக் ஏரிக்கரையில் 20 வருஷம் தொடர்ந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் உரமாகப் போட்டார்கள். மண் சூடானால் மக்குதல் கூடி இந்தச் சத்துகள் வெளியே வரும் என்பதால், அந்த எதிர்காலத்தை முன்கூட்டியே பார்ப்பது நோக்கம். எதிர்பார்த்தபடி செடிகளின் வளர்ச்சி இரட்டிப்பானது. 2004இல் மண்ணைத் தோண்டிக் கணக்குப் பார்த்தபோது, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,000 கிராம் கார்பன் காணாமல் போயிருந்தது. மேலே பச்சை பெருகியபோதே அடியில் பழைய சேமிப்பு கரைந்துவிட்டது. பச்சையாகத் தெரிவதை வைத்து நிம்மதி அடைபவர்களிடம் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

அப்புறம் தீ. தூந்திராவில் தீயா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2007இல் அலாஸ்காவின் அனக்டுவுக் ஆற்றங்கரையில் காய்ந்த கோடையில் மின்னல் விழுந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் எரிந்தது. பெங்களூரு மாநகரப் பரப்பைவிடப் பெரிய நிலம். வெளியேறிய கார்பன் சுமார் 21 லட்சம் டன். இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் ஆர்க்டிக் தூந்திரா முழுவதும் சேர்ந்து ஓராண்டில் சேமித்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். எரிந்தது செடி மட்டுமில்லை, தரையை மூடியிருந்த பாசியும் மக்காத குப்பையும்தான் பெரும்பங்கு. அந்தப் போர்வை போனால் அடியில் இருக்கும் உறைநிலம் வெயிலில் நேராகக் காயும். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் ஆர்க்டிக் அறிக்கை 2024இல், தீயையும் கணக்கில் சேர்த்தால் தூந்திரா இப்போது கார்பனைச் சேமிப்பதைவிட வெளியே விடும் இடமாகிவிட்டது என்று சொன்னது. 2003 முதல் வடதுருவ உறைநிலப் பகுதிகளில் தீயால் மட்டும் வெளியேறும் கார்பன் ஆண்டுக்குச் சராசரியாக 20.7 கோடி டன்.

மேலிருந்து மெதுவாக இளகுவதை மட்டும்தான் இதுவரை பேசினோம். தரைக்குள் பனிக்கட்டி அதிகம் உள்ள இடங்களில் நிலம் திடீரென்று சரியும், பள்ளமாகும், ஏரியாகும். சைபீரியாவின் பதகாய் பள்ளத்தின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இப்படித் திடீரென்று இளகக்கூடிய நிலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் உறைநிலக் கார்பனில் பாதி வரை அதனால் பாதிக்கப்படலாம் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். நிலம் எங்கே எத்தனை சென்டிமீட்டர் அமிழ்கிறது என்பதை ரேடாரால் அளக்கும் நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இஸ்ரோவும் நாசாவும் செய்த ரேடார் கருவிகளைச் செயற்கைக்கோளின் உடலோடு பொருத்திச் சோதித்தது இங்கே பெங்களூருவில்தான். உங்கள் மாணவர்களில் யாருடைய அப்பாவோ அம்மாவோ அதில் வேலை பார்த்திருந்தால் வகுப்புக்கே கூப்பிடலாம்.

தென்துருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பனி இல்லாத நிலம் கொஞ்சம்தான். பூக்கும் தாவரம் இயற்கையாக இருப்பது இரண்டே இனம். மற்றதெல்லாம் பாசியும் லைக்கனும். கடலோரத் தீவுகளில் பெங்குவின் கூட்டம் இருக்கும் இடத்தில் எச்சம் உரமாகி மண்ணின் சுவாசம் நன்றாகக் கூடும். வடக்கோடு ஒப்பிட்டால் மொத்த அளவு மிகச் சிறியது.

பிள்ளைகள் பயந்துபோகாமல் இருக்க ஓர் அளவையும் சொல்லுங்கள். உறைநிலத்தை "வெடிகுண்டு" என்று எழுதும் தலைப்புகள் எனக்குப் பிடிக்காது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி, உலகம் ஒரு டிகிரி சூடாவதற்கு 2100க்குள் உறைநிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறக்கூடிய கார்பன் சுமார் 1,800 கோடி டன். இதன் வீச்சு 300 கோடியிலிருந்து 4,100 கோடி வரை. நாம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து விடும் கார்பனோ ஆண்டுக்கே சுமார் 1,000 கோடி டன். ஆக இன்றைக்கும் முதல் குற்றவாளி நம் புகைபோக்கிதான். தூந்திராவின் தனிக்குணம், ஒருமுறை தொடங்கினால் அதை நிறுத்த நம்மிடம் கருவி இல்லை என்பது. அதற்கு நம் கையில் இருக்கும் ஒரே பிடி, நம் புகையைக் குறைப்பது.

கடைசியாக, வகுப்புச் சோதனை. வாய் அகன்ற, மூடி இறுக்கமான ஐந்து பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் இலை மக்கிய மண்ணைச் சலித்து, நாலு பாட்டில்களில் ஒரே அளவு போடுங்கள். முதலாவதில் மண் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரம். இரண்டாவது அதே ஈரத்தோடு ஃப்ரிட்ஜுக்குள். மூன்றாவதில் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர். நாலாவதை முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டு, காலையில் எடுத்து இளக விடுங்கள். ஐந்தாவதில் மண்ணே வேண்டாம், ஒப்பிடுவதற்காக. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு தெளிய விட்டு, மேல்தெளிவை மட்டும் எடுத்து, சின்னக் கிண்ணங்களில் சம அளவு ஊற்றி ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் நூலில் தொங்கவிட்டு மூடிவிடுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் எந்தக் கிண்ணத்தில் வெள்ளை ஏடு தடிமனாகப் படிந்திருக்கிறது என்று பார்க்கலாம். கண்ணால் பார்ப்பது போதவில்லை என்றால், பள்ளி ஆய்வகத்தில் ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பாருங்கள்: இளஞ்சிவப்பு மறைய எவ்வளவு குறைவான அமிலம் போதுகிறதோ, அந்தப் பாட்டிலின் மண் அவ்வளவு கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு விட்டிருக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடாமல், சுண்ணாம்பு நீரை மாற்றி மாற்றி மூன்று நாள் பாருங்கள். உறைந்து இளகிய நாலாவது பாட்டில் முதல் நாளில் காட்டும் வேகம் பிறகு எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளைகளே வரைபடமாகப் போட்டுவிடுவார்கள்.